மலைக்கு ஏழு பொத்தான்கள்

ஜான்சி பிறந்தது புணேயை ஒட்டிய கட்கியில். படித்ததும் அங்கேதான். கல்யாணமாகிப் போனது இரண்டு தெரு தள்ளி. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அப்பா, திரும்பிப் போவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் இந்தி என்று வளர்ந்தவளுக்குத் தமிழ் எழுத்து பழக்கமானது சர்ச் பாட்டுப் புத்தகத்தில்தான். இன்றைக்கும் பெயர்ப்பலகை ஒன்றைப் படிக்க வேண்டுமென்றால் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். நாற்பத்தேழு வயதில் அவள் பார்த்திருந்த பெரிய மலை லோணாவளா.

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு வேலை ஒரே இடத்தில். முதுகுத்தண்டில் அடிபட்ட படைவீரர்கள் தங்கியிருக்கும் இல்லம் அது. ஜான்சி அங்கே ஸ்டோர் கிளார்க். படுக்கை விரிப்பு, காற்று மெத்தை, ரப்பர் கையுறை, சக்கர நாற்காலிக்கு டயர் என்று வருவதையும் போவதையும் கணினியில் தட்டச்சு செய்வாள். வார்டுக்குள் அவளுக்கு வேலையில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது போய் வருவாள். காரணம், அங்கே தமிழ் பேச ஓர் ஆள் இருந்தான்.

அவன் பெயர் அருண்ராஜ். போடிநாயக்கனூர்க்காரன், முப்பத்தொன்பது வயது, ஹவில்தாராக இருந்தவன். பத்து வருஷம் வடக்கே பனிமலைகளில் கழித்திருக்கிறான். அதில் கடைசி நான்கு வருஷம், மலையேறப் பயிற்சி கொடுக்கும் பிரிவில். அத்தனை பனிச்சரிவுகளிலும் ஒன்றும் ஆகவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது தேனிக்கு முன்னால் வேன் கவிழ்ந்து கழுத்தில் அடிபட்டது. கால்கள் போயின. கைகளில் தோளும் முழங்கையும் அசையும், மணிக்கட்டு மேலே எழும்பும், விரல்கள் அசையாது. சாப்பிடும்போது உள்ளங்கையில் ஒரு தோல்பட்டையைக் கட்டி அதில் ஸ்பூனைச் செருகிவிடுவார்கள். அவனே எடுத்துச் சாப்பிடுவான். யாராவது ஊட்ட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அவனிடம் ஒரு பென் டிரைவ் இருந்தது. மலையில் இருந்த காலத்தில் அவன் எடுத்த படங்களெல்லாம் அதில். கூட வேலை பார்த்தவர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள், ஆயிரத்துக்கு மேல் இருக்கும். படம் பார்க்க வேண்டுமென்றால் வார்டு உதவியாட்களில் யாரையாவது கூப்பிட்டு, பொதுக்கூடத்துக் கணினியில் போடச் சொல்ல வேண்டும். அவர்கள் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஐந்து வினாடிக்கு ஒன்றாகப் படங்கள் ஓடி முடியும். அவனால் எதையும் நிறுத்த முடியாது.

போன வருஷம் மழை விட்ட சமயம், நகரத்தில் ஒரு கல்லூரியில் அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். இல்லத்திலிருந்து ஒருவர் வெளியே போனால் கூட ஒருவர் போயாக வேண்டும். அருண்ராஜ் ஜான்சியின் பெயரைச் சொன்னான். அவளும் போனாள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அவள் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள். கல்லூரி ஆசிரியர் ஒருவர், நல்ல மனிதர், கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படங்களை மாற்றிக்கொண்டே வந்தார். அருண்ராஜ் ஒரு படத்தைப் பற்றி இந்தியில் பேச ஆரம்பிப்பான். பாதி வாக்கியத்தில் அடுத்த படம் வந்துவிடும். அதற்குப் பேச ஆரம்பித்தால் அதற்கடுத்தது. ஒரு கட்டத்தில் அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். அது புரியாமல் ஆசிரியர் மீதிப் படங்களையும் மரியாதையாக ஓட்டி முடித்தார். நாற்பது படம், பன்னிரண்டு நிமிஷம். எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பி வரும் வண்டியில் அவன் வெளியே பார்த்தபடியே இருந்தான். ஹோல்கர் பாலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அவரு நல்ல மனுசன்தான்க்கா. ஆனா நான் ஏறுன மலைலயே என்னையக் கட்டி இழுத்துட்டுப் போயிட்டாரு."

ஜான்சி வீட்டுக்குப் போய்ச் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோதும் அந்த வார்த்தை கூடவே இருந்தது.

மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், பென் டிரைவை வாங்கிக்கொண்டு போய்த் தன் கணினியில் செருகினாள். கணினியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டியல் தட்டச்சு செய்வதும், குடியரசு தினத்துக்கு நாலு படம் ஒட்டி ஸ்லைடு செய்வதும்தான். ஆனால் அந்தக் குடியரசு தின வேலையில் ஒருமுறை கை தவறி வலது பக்கப் பொத்தானை அழுத்தியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டிருந்தது. ஒரு படத்தின் மேல் 'லிங்க்' கொடுக்கலாம், அதைத் தொட்டால் வேறொரு கோப்பு திறக்கும். அப்போது அவளுக்கு அது தேவைப்படவில்லை. இப்போது தேவைப்பட்டது.

அருண்ராஜுக்குச் சிக்கல் எங்கே என்பதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கணினித் திரையில் கோப்பின் பெயர் கடுகளவு இருக்கும். அதன் மேல் அம்பைக் கொண்டுபோய் இரண்டு முறை சட்டென்று தட்ட வேண்டும். விரல் அசையாதவனால் அது ஆகாது. உள்ளங்கைப் பட்டையில் பென்சிலைச் செருகி விசைப்பலகையில் அழுத்திப் பார்த்தான். கை திடீரென்று இறுகிக்கொள்ளும்போது பென்சில் விசையின் மேலேயே நின்றுவிடும், படங்கள் தடதடவென்று ஓடிவிடும். மவுஸ் பொத்தான் அப்படியில்லை. எவ்வளவு நேரம் அழுந்திக் கிடந்தாலும் ஒரு தடவைதான் கணக்கு. இதைக் கண்டுபிடித்தவன் அருண்ராஜ். பிசியோதெரபி அம்மா ஒரு மவுஸ் வரவழைத்துக் கொடுத்தார், மேலே பெரிய பந்து வைத்தது. மவுஸை நகர்த்தவே வேண்டாம், பந்தை உருட்டினால் அம்பு நகரும். வலது கையின் ஓரத்தால் பந்தை உருட்டுவான், இடது கைப் பென்சிலால் பொத்தானை அழுத்துவான்.

ஆகவே வேண்டியது ஒரே ஒரு பக்கம். பென் டிரைவைச் செருகியதும் அது திறக்க வேண்டும். அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தான்கள். ஒரே ஒரு அழுத்தில் ஒரு காட்சி தொடங்க வேண்டும், முடிந்ததும் திரும்ப அந்தப் பக்கத்துக்கே வந்து நிற்க வேண்டும்.

படங்களில் இருநூற்றுச் சொச்சத்தைப் பொறுக்கி ஏழு காட்சிகளாகப் பிரித்தது அருண்ராஜ்தான். பெயரும் அவனே வைத்தான். ஏறும் வழி, பிளவுகள், மேகம், சமையல், ஆட்கள், காலை ஆறு மணி, இறங்கும் வழி. பெயர்கள் தமிழில்தான் இருக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தான்.

கேட்கிறவர்கள் எல்லோரும் இந்தியும் மராத்தியும் பேசுகிறவர்களாயிற்றே என்று ஜான்சி கேட்டதற்கு, "இது அவுகளுக்கு இல்லக்கா, எனக்கு" என்றான்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். 'பிளவுகள்' என்ற ஒரு வார்த்தைக்கு அரைமணி நேரம் ஆனது. வேறு கணினியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியக்கூடுமே என்று, ஏழு பெயர்களையும் படமாகவே மாற்றி ஒட்டினாள்.

முதல் தடவை எல்லாம் சரியாக வந்தது, அவளுடைய மேசையில். பொதுக்கூடத்துக் கணினியில் செருகினால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கோப்பு கிடைக்கவில்லை என்று ஏழு பொத்தானும் ஏழு தடவை சொல்லின. அருண்ராஜ் பட்டையில் பென்சிலோடு காத்திருந்தான். அவன் காத்திருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. மூன்றாம் நாள் கட்கி பஜாரில் பஸ்ஸுக்கு நிற்கையில் பிடிபட்டது. காட்சிகளைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு அங்கிருந்து அவள் லிங்க் கொடுத்திருந்தாள். பொத்தான்கள் இன்னும் அவளுடைய மேசையில் போய்த்தான் தேடிக்கொண்டிருந்தன. அலுவலகத்துக்குப் போனதும் ஏழு காட்சிகளும் பட்டியல் பக்கமுமாக எட்டுக் கோப்புகளையும் பென் டிரைவில் ஒரே ஃபோல்டருக்குள் போட்டு, அதற்குள் இருந்தபடியே எல்லா லிங்க்கையும் புதிதாகக் கொடுத்தாள். பிறகு பொதுக்கூடத்தில் செருகினாள், டாக்டர் அறையில் செருகினாள், வாசலில் காவலருடைய பழைய கணினியில்கூடச் செருகிப் பார்த்தாள். எங்கே போனாலும் திறந்தது. காவலர் எழுந்து நின்று, இது எந்த இடம் மேடம் என்று கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை.

அடுத்த சிக்கல், பொத்தானுக்கு வெளியே எங்கே தட்டினாலும் படம் மாறிவிடுவது. அதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படத்திலும் முன்னால், பின்னால், பட்டியல் என்று மூன்று பொத்தான் வைத்தாள். ஒரே இடத்தில் வைத்தால் எல்லாப் படத்திலும் வரும் வழி இருப்பது தெரியாமல், பதினோரு மதிய வேளை உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினாள். தெரிந்தபோது கொஞ்ச நேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஆனாலும் அருண்ராஜுக்குக் கஷ்டமாகவே இருந்தது. பொத்தானை எவ்வளவு பெரிதாக்கினாலும் அம்பு தாண்டிப் போய்விடும், திரும்பக் கொண்டுவந்தால் இந்தப் பக்கம் தாண்டிவிடும். அவன் நெற்றி வியர்க்கும். ஜான்சி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்க்காமல் அவன் கையை மட்டும் பார்த்தாள். அன்றைக்கும் மறுநாளும் அதையே பார்த்தாள். மெதுவாகக் கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்துவதுதான் அவனால் ஆகவில்லை. ஆனால் பந்தை ஒரே தள்ளாகத் தள்ள அவனால் முடிந்தது. தள்ளினால் அம்பு ஓடிப்போய்த் திரையின் மூலையில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் போக அதற்கு இடமில்லை.

அன்று மதியமே மூன்று பொத்தான்களையும் மூன்று மூலைகளில் கொண்டுபோய் ஒட்டவைத்தாள், விளிம்பில் நூலிழை இடைவெளிகூட இல்லாமல். பட்டியல் பக்கத்தின் ஏழு பொத்தான்களையும் திரையின் நாலு ஓரங்களுக்கு நகர்த்தினாள். அருண்ராஜ் பந்தைத் தள்ளினான், பென்சிலால் அழுத்தினான். படம் மாறியது. இன்னொரு தள்ளு, இன்னொரு அழுத்து. அடிபட்ட பிறகு இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, யாரையும் கூப்பிடாமல், ஒரு படத்திலிருந்து பின்னால் போனான். பிறகு முன்னால் வந்தான். மறுபடி பின்னால் போனான். பத்து நிமிஷம் அதையே செய்துகொண்டிருந்தான். ஜான்சிக்கு அங்கே நிற்பது சர்ச்சில் நிற்பது போல இருந்தது.

"அக்கா, அந்த அஞ்சு செகண்டு கணக்கை எடுத்துருங்க. தானா எதுவும் ஓட வேணாம்" என்றான் அவன். எடுத்துவிட்டாள்.

டிசம்பரில் ஒரு மலையேறும் சங்கத்திலிருந்து கேட்டு வந்தார்கள். சனி ஞாயிறு வந்தால் மலைக்கோட்டைகளைத் தேடிப் போகிறவர்கள் புணேயில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட ஒரு கூட்டம். ஏற்பாட்டைக் கவனித்தது கிருஷ்ணப்ரியா என்ற பெண், கோயம்புத்தூர்க்காரி, ஹிஞ்சவாடியில் ஐ.டி. வேலை. கர்வே சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன அரங்கம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இருநூறு நாற்காலியும் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள்.

கிருஷ்ணப்ரியா தன் மடிக்கணினியில் பென் டிரைவைச் செருகினாள். அதுவோ வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்க ஆரம்பித்து, இரண்டு நிமிஷம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு பட்டியல் திறந்தது. திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. ஜான்சி செய்த பக்கம் நடுவில் சுருங்கி நின்றது. மூலைகள் மூலைகளில் இல்லை. அருண்ராஜ் தள்ளினால் அம்பு பொத்தானைத் தாண்டிக் கறுப்புக்குள் போய்விடும்.

ஜான்சி மேடைக்குப் போனாள். இத்தனை பேர் முன்னால் அவள் எங்கேயும் போய் நின்றதில்லை. "பாப்பா, ஓரத்துல இந்தக் கறுப்பு இருக்கக் கூடாது. பொத்தானு மூலையில முட்டிக்கினு இருக்கணும். இல்லன்னா தம்பியால புடிக்க முடியாது" என்றாள்.

கிருஷ்ணப்ரியா ஒரு கணம் அவளைப் பார்த்தாள், பிறகு அருண்ராஜின் கையைப் பார்த்தாள். "புரிஞ்சுதுங்க்கா" என்று சொல்லி, ஏதோ அளவை மாற்றினாள். பட்டைகள் மறைந்தன. திரை முழுக்க ஏழு பெயர்கள் வந்து நின்றன. அந்த அரங்கத்தில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

அருண்ராஜ் 'ஏறும் வழி'யில் ஆரம்பித்தான். அவன் இந்தியில் பேசியது ஜான்சி தினமும் கேட்கும் குரல்தான், ஆனால் இத்தனை நிதானமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. ஒரு படத்தில் இரண்டு நிமிஷம் நிற்பான். அடுத்ததை ஒரு வார்த்தையில் தாண்டுவான். நடுவில் எதையோ நினைத்துக்கொண்டு இரண்டு படம் பின்னால் போய், இந்தக் கயிறு ஏன் இப்படிக் கட்டியிருக்கிறது பாருங்கள் என்பான். பந்தின் சத்தமும் பென்சிலின் சத்தமும் மட்டும் கேட்டன.

முன் வரிசையில் ஓர் அம்மா, அறுபது வயதுக்கு மேலிருக்கும், பனிச்சரிவு வருவதற்கு முன்னால் ஏதாவது தெரியுமா என்று கேட்டார். அது வேறு காட்சியில் இருந்தது. கல்லூரியில் என்றால் அங்கேயே எல்லாம் குழம்பியிருக்கும். அருண்ராஜ் பட்டியலுக்குத் திரும்பினான், 'பிளவுகள்' பொத்தானை அழுத்தினான், ஆறு படம் தாண்டி ஒன்றில் நின்றான்.

திரை முழுக்க வெள்ளை. மேலே கொஞ்சம் நீலம். நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. இடது பக்கம் கீழே சில கறுப்புப் புள்ளிகள்.

சத்தம் ஒன்று கேட்கும் என்றான். பெரிய சத்தம் இல்லை. கீழ் வீட்டில் யாரோ கனமான ஆள் ஒருவர் பாயில் உட்கார்ந்தால் நம் தரைக்கு எப்படித் தெரியும், அப்படி. காதில் கேட்பதற்கு முன் பாதத்தில் கேட்கும். அதைக் கேட்டால் பேசக் கூடாது, ஓடக் கூடாது, வந்த தடத்திலேயே ஒவ்வொருவராகப் பின்னால் வர வேண்டும். இந்தப் படம் எடுத்த அன்று அது கேட்டது. அவன் அப்போது எதிர்ச் சரிவில் கேமராவோடு நின்றிருந்தான்.

பிறகு சொன்னான், அந்தப் புள்ளிகள் ஐந்து பேர் என்று.

ஜான்சி பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். இந்தப் படத்தின் மூலையில் பொத்தானை ஒட்டியது அவள்தான். அதற்குமுன் இந்தப் புள்ளிகளை அவள் பார்த்தும் இருக்கிறாள். திரையில் அழுக்கு என்று நினைத்து முந்தானையால் துடைத்திருக்கிறாள். போகவில்லை என்றதும் கேமராவில் தூசி என்று விட்டுவிட்டாள். இப்போது பார்த்தால் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது, கயிறு. ஐந்து பேரையும் கட்டியிருந்த கயிறு. அவ்வளவு சின்னதாக ஐந்து மனிதர்கள் என்றால் அந்த வெள்ளை எவ்வளவு பெரிது. அவள் கண் ஒரு புள்ளியிலிருந்து மேலே ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே இருந்தது. அந்தச் சரிவு முடியவில்லை. கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. தன் கால் தரையில்தான் இருக்கிறதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு நிமிஷம் அவன் அந்த ஒரு படத்தை மாற்றவில்லை. பேசியது பாதி நேரம்தான். மீதி நேரம் சும்மா இருந்தான், இருநூறு பேரும் அவனோடு சும்மா இருந்தார்கள். ஐந்து பேரும் பிழைத்தார்களா என்று யாரும் கேட்கத் துணியவில்லை. அவனே சொன்னான், நாலு பேர் திரும்பினார்கள். ஐந்தாவது ஆளின் பெயரைச் சொன்னான். பிறகு பந்தைத் தள்ளி, 'சமையல்' பொத்தானை அழுத்தினான். அந்த உயரத்தில் அரிசி வேகாது என்பதையும், வெந்ததாக நினைத்து ஒரு சுபேதார் சாப்பிட்டுவிட்டு என்ன ஆனார் என்பதையும் சொன்னான். கூட்டம் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தவர்களும் உண்டு.

முடிந்த பிறகு ஆட்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். இது என்ன சாஃப்ட்வேர், எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். அருண்ராஜ் மணிக்கட்டைத் தூக்கிப் பின்சுவர்ப் பக்கம் காட்டினான். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் ஜான்சிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஒன்றுமில்லை, சாதாரண பவர்பாயிண்ட்தான், எல்லார் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது என்று இந்தியில் சொல்லிவிட்டு, அவன் மடியில் கிடந்த சால்வையை மடிக்க ஆரம்பித்தாள். கிருஷ்ணப்ரியா பக்கத்தில் வந்து, பொத்தானை மூலையில் வைக்க யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல பாப்பா. கையி அங்கதான் போச்சு."

வண்டியில் ஏற்றும்போது அருண்ராஜ் களைத்திருந்தான். "நெடுநாள் கழிச்சு ஏறி எறங்குன மாதிரி இருக்குக்கா" என்று மட்டும் சொன்னான். இல்லம் வந்து சேரும்வரை தூங்கினான்.

அதற்குப் பிறகு நான்கு இடங்களில் பேசிவிட்டான். 'பிளவுகள்' காட்சியில் எந்தப் படத்தில் எத்தனை நேரம் நிற்பான் என்பது ஒவ்வொரு தடவையும் வேறு. இல்லத்தில் மற்றவர்களுக்கும் விஷயம் பரவியது. ஒருவருக்கு மகள் கல்யாணப் படங்கள் வேண்டும், இன்னொருவருக்குத் தன் பட்டாலியனின் பழைய அணிவகுப்பு. ஜான்சியின் மேசையில் இப்போது விண்ணப்பப் படிவங்களுக்கு நடுவே ஆறேழு பென் டிரைவ் கிடக்கிறது, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய பிளாஸ்திரி.

போன மாதம், இல்லத்தில் எல்லோருக்கும் சித்தப்பா மாதிரியான ஷிண்டே காக்கா கூப்பிட்டனுப்பினார். சாத்தாராப் பக்கத்துக்காரர், கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. அவர் கிராமத்து மாட்டுவண்டிப் பந்தயப் படங்கள் அவரிடம் இருந்தன. எனக்கும் ஒன்று செய்துகொடு, ஆனால் என்னிடம் கையே இல்லையே என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தார். ஜான்சி ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அவர் யாரிடமாவது பேசும்போதும், ஜன்னலில் புறா வந்து உட்காரும்போதும், அவருடைய தாடை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.